அலுவலகத்தில் பேசும் கணினி வீட்டில் ஊமையாவது ஏன்?

சென்ற இதழில் மின்சாரக் கட்டணச் சீட்டைப் படிக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதனைக் கண்ட அன்பர்கள் மூவர், தம்முள் பேசி வைத்துக்கொண்டாற்போல, ஒரே கேள்வியை எழுதி அனுப்பியுள்ளனர். ஒருவர் செம்பூரில் இருப்பவர், ஒருவர் தாராவி, மற்றவர் மாதுங்காவில் பயிலும் மாணவன் ஒருவனின் தாயார். அவர்கள் கேள்வி இதுதான்: அலுவலகத்திலோ கல்லூரியிலோ வைஃபை மூலம் நன்றாக இயங்கும் மடிக்கணினி, வீட்டு வாசற்படி தாண்டியதும் "இணையம் இல்லை" என்று கைவிரிப்பது ஏன்? கணினி பழுதா, வீட்டில் உள்ள ரௌட்டர் பழுதா?

பெரும்பாலும் இரண்டும் பழுதல்ல. இதனை ஏட்டறிவால் சொல்லவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவன் நான். அலுவலகத்துக் கணினிகள் படுத்துக்கொள்ளும்போது அவற்றை எழுப்ப வருபவருக்கு அருகில் நின்று பார்த்ததும், அவரிடம் கேள்வி கேட்டு நச்சரித்ததுமே என் படிப்பு. அண்மையில் வடாலாவில் எங்கள் எதிர்க் கட்டிடத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறினால் விஷயம் எளிதில் விளங்கும். அதில் நானும் ஒரு மணி நேரம் தவறான வழியில் சென்றேன். அதனையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அங்கே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த குடும்பம் ஒன்று நெடுங்காலமாக வசித்து வருகிறது. அண்ணாச்சி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் ஃபோர்ட் பகுதியில் உள்ள சிறியதொரு கணக்கு அலுவலகத்தில் பணிபுரிகிறாள். மாதத் தவணையில் வாங்கிய மடிக்கணினி ஒன்று அவளுக்கு உண்டு; அது அவளுக்குச் சொந்தமானது, அலுவலகத்தினுடையதன்று. தாயாருக்கு அறுவை சிகிச்சை நடந்து, படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. பதினைந்து நாள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்வதற்கு அவள் அனுமதி கேட்டாள். முதலாளியும் இசைந்தார், ஆனால் வேலை நடந்த நாளுக்குத்தான் சம்பளம் என்றார். அந்த வீட்டில் இப்போது மாதாமாதம் வரும் முழுச் சம்பளம் அவளுடையது ஒன்றே.

வெள்ளிக்கிழமை தாயார் வீடு திரும்பினார். சனிக்கிழமை இரவு கணினியைத் திறந்தால், வீட்டு வைஃபையோடு இணைந்ததாகக் காட்டுகிறது. அதன் கீழேயே இணையம் இல்லை என்றும் காட்டுகிறது. அதே அறையில், அதே வைஃபையில், அண்ணாச்சியின் கைப்பேசியில் கந்த சஷ்டிக் கவசம் தடையின்றிப் பாடிக்கொண்டிருக்கிறது! ஞாயிறு காலை ஸ்டேஷன் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார்கள். கடைக்காரர் தம் கடை வைஃபையில் போட்டுப் பார்த்தார், ஓடவில்லை. தம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்தார், அதிலும் ஓடவில்லை. மூன்றிடத்திலும் ஓடாததால் வைஃபை கார்டு போய்விட்டது என்று தீர்ப்புக் கூறி, ரூபாய் 2,800 ஆகும், இரண்டு நாள் ஆகும் என்றார்.

"தம்பி, கார்டு கருகிவிட்டதாம். திங்கட்கிழமை காலையில் அவள் வேலையைத் தொடங்க வேண்டும். நீங்கள் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள், பிறகு கடைக்காரனிடம் கொடுத்துவிடலாம்" என்று அண்ணாச்சி வந்து நின்றார்.

நான் சென்று முதலில் செய்தவை, எல்லாரும் செய்பவைதாம். ரௌட்டரை அணைத்து ஏற்றினேன். கணினியை அணைத்து ஏற்றினேன். வீட்டு வைஃபையின் பெயரைக் கணினியின் நினைவிலிருந்து நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டேன். கடவுச்சொல் ஏற்கப்பட்டது, இணையம் வரவில்லை. மறுபடியும் ரௌட்டரை அணைத்தேன். (அணைத்து ஏற்றுவது நம் நாட்டில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பாதி வேளை அது பலிப்பதால், பலிக்காத வேளையிலும் விடமாட்டோம்.) கடைசியில், விண்டோஸில் வலையமைப்பு அமைப்புகள் அனைத்தையும் துடைத்துப் புதிதாக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் மீது கை வைத்தேன். அப்போது அந்தப் பெண், "அண்ணா, அதை அழுத்தாதீர்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் அதில் ஏதோ நம்பர் போட்டுக் கொடுத்தார். அழிந்துவிட்டால் திரும்பிப் போகும்போது நான் யாரைக் கேட்பது?" என்றாள்.

நம்பர் போட்டுக் கொடுத்தார் என்ற அந்த ஒரு சொல்லில் நோய் இன்னதென்று விளங்கிவிட்டது. அதற்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். கார்டு கருகியிருந்தால், அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபைப் பெயர்கள் அந்தப் பட்டியலில் வரிசையாகத் தோன்றியிரா, கடவுச்சொல் ஏற்கப்பட்டிராது, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரை அலுவலகத்தில் ஓடியிராது. அலைகள் வந்து சேர்கின்றன, செல்கின்றன. கோளாறு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

அந்த அடுத்த படி யாதெனில், முகவரி. வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் நான்கு எண்கள் கொண்ட ஒரு முகவரி வேண்டும், ஐ.பி. முகவரி என்பர். 192.168.0.14 என்பது போல அது இருக்கும். வழக்கமாக அந்த எண்ணைக் கருவி தன்னோடு கொண்டு வருவதில்லை. வலையமைப்புக்குள் நுழைந்ததும், "எனக்கொரு எண் கொடுங்கள்" என்று கூவும். அங்குள்ள ரௌட்டர், அப்போது எவருக்கும் கொடுக்காத எண் ஒன்றைக் குறிப்பிட்ட கால அளவுக்குக் கொடுக்கும். ரயில் நிலையத்து ஓய்வறையில் பயணி வந்து கேட்க, பதிவேட்டைப் பார்த்து இன்ன அறை, இத்தனை மணி வரை என்று எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது. இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993-ஆம் ஆண்டில் முதலில் வகுக்கப்பெற்று, 1997-இல் திருத்தப்பெற்று, இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது. அண்ணாச்சியின் கைப்பேசி அவ்வாறு கேட்டு எண் வாங்கிக்கொண்டது, ஆகவே பாடியது.

சில அலுவலகங்களில் இந்தப் பதிவேட்டு முறை இராது. இன்னாருக்கு இன்ன எண் என்று நிலையாக எழுதி வைத்துவிடுவர். அவ்விடத்துக் கணினிப் பொறுப்பாளர் ஒவ்வொரு கணினியிலும் எண்ணைக் கையால் பதித்து வைப்பார். இந்தப் பெண்ணின் கணினியில் 192.168.10.57 என்று பதிக்கப்பெற்றிருந்தது. வெளியுலகுக்குச் செல்லும் வாயில் 192.168.10.1 என்றும் பதிக்கப்பெற்றிருந்தது. அவள் வீட்டு ரௌட்டரோ 192.168.0.1 என்னும் எண்ணுடையது. விழுப்புரத்து ஓய்வறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தாதரில் வந்து கதவைத் தேடுபவன் நிலைமை அந்தக் கணினிக்கு! தன்னிடம் எண் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பதால் அது எவரிடமும் கேட்பதில்லை. இல்லாத வாயிலைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் கடையிலும், அவருடைய ஹாட்ஸ்பாட்டிலும் அதே எண்ணைத்தான் ஏந்திக்கொண்டிருந்தது. எனவே மூன்றிடத்திலும் தோற்றது. அவர் ஏமாற்றினார் என்று நான் கூறமாட்டேன். தம்மிடம் வந்த மூன்று சான்றுகளைக் கொண்டு அவர் முடிவு கட்டினார். நான்காவது சான்று ஃபோர்ட்டில் இருந்தது. அதனை அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் வாசகர்கள் வினவ வேண்டியது இந்த நான்காவது சான்றையே. எங்கேனும் ஓரிடத்தில் அது ஓடுகிறதா? ஓடுகிறதென்றால் உறுப்புக் கெடவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

இனி, எண்ணைப் பார்ப்பது எவ்வாறு என்று கூறுகிறேன். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் என்னும் விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறு கட்டம் ஒன்று திறக்கும். அதில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கரும்பலகை ஒன்று வரும். அங்கே ஐபிகான்ஃபிக் என்னும் சொல்லை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்ட வேண்டும். வைஃபை என்ற தலைப்பின் கீழ் வரும் ஐ.பி.வி.4 முகவரியைப் பாருங்கள். கைப்பேசியிலும், அதே வைஃபையின் விவரத்தைத் திறந்தால் அதன் எண் தெரியும். வீட்டில் இரண்டுக்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருப்பதே வழக்கம். ஒன்று 192.168.0 என்றும் மற்றது 192.168.10 என்றும் இருந்தால், கணினி அயலூர் முகவரியைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்.

169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் நிலைமை வேறு. கணினி முறையாகக் கேட்டது. எவரும் விடை சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்துத் தனக்குத் தானே ஒரு தற்காலிக எண்ணைச் சூட்டிக்கொண்டது என்பது அதன் பொருள். அப்போது ரௌட்டர் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். அந்த வேளையில் அணைத்து ஏற்றும் சடங்கு பயன்படும்.

எங்கள் கதைக்கு வருவோம். நான் எதையும் மாற்றுவதற்கு முன், அந்தப் பெண் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் முகவரி, வாயில் எண், டி.என்.எஸ். எண் அனைத்தையும் அழகாக எழுதிக்கொண்டாள். கணக்கு எழுதும் கையல்லவா! கைப்பேசியில் படமும் பிடித்துக்கொண்டாள். இதனைச் செய்யாமல் எவரும் எந்த அமைப்பையும் மாற்றக்கூடாது. பிறகு, அதே சிறு கட்டத்தில் என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, சி, பி, எல் என்னும் எழுத்துகளைத் தட்டி, வரும் பட்டியலில் வைஃபையின் பண்புகளைத் திறந்து, ஐ.பி. பதிப்பு 4 என்னும் வரியைத் தேர்ந்து, முகவரியைத் தானாகப் பெறுக என்றும், டி.என்.எஸ். எண்ணையும் தானாகப் பெறுக என்றும் குறியிட்டேன்.

இணையம் வந்துவிட்டது. கணினியின் மூலையில் இருந்த குறி நிறம் மாறியது. அண்ணாச்சி முருகா என்றார். ஆனால் அந்தப் பெண் உலாவியைத் திறந்ததும் ஒரு பக்கமும் வரவில்லை! ப்ராக்ஸியோடு இணைய முடியவில்லை என்று ஒரு வாசகம்.

இது இரண்டாவது முடிச்சு. சில அலுவலகங்களில் கணினிகள் நேரே இணையத்துக்குச் செல்வதில்லை. இடையில் ஒரு கணினி உட்கார்ந்து, எல்லாருடைய வேண்டுகோளையும் வாங்கி, தகுந்ததை மட்டும் வெளியே அனுப்பும். அதற்குப் ப்ராக்ஸி என்று பெயர். அதன் எண்ணும் அவள் கணினியில் பதிக்கப்பெற்றிருந்தது. வீட்டில் அத்தகைய இடையாள் ஏது? அமைப்புகளில் வலையமைப்பு என்னும் பகுதியில் ப்ராக்ஸியைத் திறந்து, கையால் இட்டதை நிறுத்தினோம். அந்த எண்ணும் காலண்டர் தாளில் ஏறியது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கைப்பேசியில் ப்ராக்ஸி அந்தந்த வைஃபைக்கென்று தனித்தனியாக நிற்கும். விண்டோஸில் நாம் கையால் இடுவது எந்த வைஃபையானாலும் பொதுவாக நிற்கும். ஆதலால் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் சென்று வருபவர் அதனை ஒவ்வொரு முறையும் திறக்கவும் மூடவும் வேண்டியிருக்கும். வேறு வழிகள் இல்லாமற் போகவில்லை. அவை அலுவலகப் பொறுப்பாளர் செய்துதர வேண்டியவை.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அவள் அலுவலகத்துக்குச் சோதனைக் கடிதம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினாள். ரூபாய் 2,800 அண்ணாச்சியின் சட்டைப் பையிலேயே இருந்தது. மருந்துக் கடைக்காரர் அதனைப் பிறகு வாங்கிக்கொண்டிருப்பார், அது வேறு.

இது நிற்க. பதினைந்து நாள் கழிந்து அலுவலகம் திரும்பினால், அங்கே எண் கேட்டால் கொடுப்பாரில்லை. மறுபடியும் கையால் பதிக்க வேண்டும். இப்படி வாரந்தோறும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பதா? தேவையில்லை. நான் மேலே கூறிய அதே பக்கத்தில், தானாகப் பெறுக என்று குறியிட்டதும், மேற்புறத்தில் இரண்டாவது தாள் ஒன்று தோன்றும். ஆல்டர்னேட் கான்ஃபிகரேஷன் என்று அதன் பெயர். மாற்று ஏற்பாடு என்னலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புகளில் பயன்படும் கணினிக்கே அது என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும். அங்கே அலுவலகத்து எண்களை இட்டுவிட்டால், கணினி எங்கே சென்றாலும் முதலில் கேட்கும். கொடுப்பார் இருந்தால் வாங்கிக்கொள்ளும். எவரும் கொடுக்காவிடில், சற்றுப் பொறுத்து, இந்த மாற்று எண்ணை அணிந்துகொள்ளும். இத்தனை ஆண்டுகளாக அந்தத் தாள் அங்கே இருந்தும், நான் அறிந்தவரையில் அதனைத் திறந்து பார்த்தவர் சிலரே. ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்கு லொகேஷன் என்னும் வசதி உண்டு. வீடு, அலுவலகம் என்று இரண்டு பெயர்களில் அமைப்புகளைச் சேமித்து, வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம்.

இதனினும் சிறந்த வழி ஒன்று, அலுவலகப் பொறுப்பாளர் கையில் இருக்கிறது. ரௌட்டரில் பதிவேட்டு முறையை ஏற்படுத்தி, இந்தக் கணினி வந்து கேட்டால் எப்போதும் இந்த எண்ணையே கொடு என்று எழுதி வைக்கலாம். அவருக்கும் நிலையான எண் கிடைக்கும்; கணினியும் எங்கும் கேட்டு வாழும். ஆனால் வைஃபை கார்டின் பிறவி எண்ணைக் கொண்டுதான் ரௌட்டர் அதனை அடையாளம் காணும். புதிய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் அந்தப் பிறவி எண்ணை மறைத்துப் புனைபெயர் சொல்லும் வசதி உள்ளது. அலுவலக வைஃபைக்கு மட்டும் அதனை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிடில் ரௌட்டருக்கு ஆள் அடையாளம் தெரியாது.

ஆண்டாப் ஹில் பக்கம் மற்றொரு வீட்டில் இதற்கு நேர்மாறான கோளாற்றைக் கண்டேன். அங்கே இணையம் நன்றாக வந்தது. அலுவலகக் கணினிக்குள் செல்வதற்கு வி.பி.என். என்னும் மறைவழியும் இணைந்தது. ஆயினும் அலுவலகத்துக் கோப்புகள் இருக்கும் கணினி மட்டும் அகப்படவில்லை. காரணம், வீட்டிலும் 192.168.1 என்ற எண்வரிசை. அலுவலகத்திலும் அதே 192.168.1 என்ற எண்வரிசை! தனியார் வலையமைப்புகள் எவரையும் கேளாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சில எண்வரிசைகள் 1996-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பெற்றன. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை ஆகியவை அவை. ரௌட்டர் செய்வோர் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்பதையே இட்டு விற்பதால், ஊர்தோறும் காந்தி தெரு இருப்பது போல, வீடுதோறும் அதே எண்கள் உள்ளன. அலுவலகத்து 192.168.1.20 எங்கே என்று கேட்டால், கணினி அதனை வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. அந்த வீட்டு ரௌட்டரின் எண்வரிசையை 192.168.77 என்று மாற்றினோம், கோப்பு அகப்பட்டது. ரௌட்டருக்குள் சென்று இதனை மாற்றப் பத்து நிமிடம் ஆகாது. மாற்றிய எண்ணை மட்டும் ரௌட்டரின் அடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்; இல்லையேல் பின்னொரு நாள் அதற்குள் செல்ல வழி தெரியாமல் விழிப்போம்.

அலைகள் வந்து சேர்வதிலேயே குறை இருக்கும் வீடுகளும் உண்டென்பதை மறுக்கவில்லை. வைஃபையின் அடிப்படை விதி 1997-இல் ஏற்பட்டது; அந்தப் பெயர் 1999-இல் வந்தது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தலாம் என்று மத்திய சர்க்கார் 2005 ஜனவரியில் விதி செய்தது. அந்தச் சுதந்திரத்தின் விளைவை நம் பகுதிகளில் பார்க்கிறோம்: ஒரே மாடியில் இருபது ரௌட்டர்கள், எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்னும் மூன்று வழிகளே. 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் நெரிசல் குறையும். ஆனால் அது சுவரைத் துளைத்துச் செல்வதில் பலம் குன்றியது. ஒற்றை அறை வீட்டுக்கு அது தீங்கன்று. ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள் மட்டும் அதனை வெளியே எடுத்து, சுவரில் உயரமாக மாட்டுக. பழைய மடிக்கணினிகள் சிலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. அலுவலகத்தில் பட்டியலில் இருந்த பெயர் வீட்டில் இல்லையென்றால் இதனையும் நினைக்கலாம்.

ரயில் நிலையத்து வைஃபை பற்றித் தாராவி அன்பர் தனியே கேட்டுள்ளார். ரெயில்டெல் நிறுவனம் கூகுளோடு சேர்ந்து 2016 ஜனவரியில் முதன்முதலில் அதனை ஏற்படுத்தியது நம் மும்பை சென்ட்ரலில்தான். 2020-இல் கூகுள் விலகிக்கொள்ள, ரெயில்டெல் தானே நடத்தி வருகிறது. அங்கே இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து கைப்பேசி எண்ணைக் கேட்கும். அந்தப் பக்கம் திறந்தால்தான் வழி உண்டு. கையால் எண் பதித்த கணினியிலும், ப்ராக்ஸி இட்ட கணினியிலும் அந்தப் பக்கம் திறப்பதில்லை. "ஸ்டேஷன் வைஃபை என் கணினிக்கு மட்டும் ஆகாது" என்று அவர் எழுதியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். திறந்தாலும், வங்கிக் காரியங்களைப் பொது வைஃபையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குச் சொந்தக் கைப்பேசியின் இணைப்பு போதும்.

முக்கியமான ஒன்று எஞ்சியுள்ளது. மேலே கூறிய யாவும் சொந்தக் கணினிக்கே பொருந்தும். அலுவலகம் கொடுத்த கணினியாக இருந்தால் எண்ணையும் ப்ராக்ஸியையும் வி.பி.என்.-ஐயும் நீங்கள் தொடலாகாது. என்னைப் போன்ற அண்டை வீட்டாரைத் தொட விடவும் கூடாது. பல அலுவலகங்களில் அதற்குப் பூட்டும் இட்டிருப்பார்கள். பூட்டு இல்லாத இடத்திலும், நல்லெண்ணத்தோடு மாற்றியதற்காக விளக்கம் எழுதிக் கொடுக்க நேரும். அத்தகைய கணினி வீட்டில் இணையாவிடில், பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டியவை இவை: பட்டியலில் வீட்டு வைஃபையின் பெயர் தெரிகிறதா, கடவுச்சொல் ஏற்கப்படுகிறதா, அதே வைஃபையில் கைப்பேசி ஓடுகிறதா, ஐபிகான்ஃபிக் காட்டும் எண் யாது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொலைபேசியில் அழைத்தால், "சார், நெட் வரவில்லை" என்று அரை மணி நேரம் பேசுவதைவிட விரைவில் முடியும். அவரும் மகிழ்ச்சியடைவார், அவருக்கு நாளெல்லாம் வருவது அந்த ஒரு வாக்கியந்தானே.

செம்பூர் அன்பருக்கு ஒரு குறிப்பு. வீட்டு ரௌட்டரை அண்மையில் மாற்றியதாகவும், பழைய பெயரையே புதியதற்கும் இட்டதாகவும் எழுதியுள்ளீர். பெயர் ஒன்றாக இருந்து கடவுச்சொல் மட்டும் மாறியிருந்தால், கணினி பழைய சொல்லையே சொல்லிச் சொல்லித் தோற்கும். அந்தப் பெயரை நினைவிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். உமது கோளாறு அதற்கு மேல் இராது. மாதுங்கா அம்மையாருக்கு: தங்கள் மகனின் கணினியில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். நாள் தவறினால் பாதுகாப்புள்ள இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். பார்ப்பவருக்கு இணையமே இல்லாதது போலத் தோன்றும். நாள் சரியாக இருந்தால் கல்லூரியில் எண் பதித்தார்களா என்று அவரையே கேளுங்கள்.

எதிர்க் கட்டிடத்துப் பெண் பதினாறாம் நாள் ஃபோர்ட்டுக்குத் திரும்பினாள். மாற்று ஏற்பாட்டில் இட்டிருந்த எண்ணை ஒரு நிமிடத்துக்குள் கணினி அணிந்துகொண்டது. ப்ராக்ஸியை மட்டும் காலண்டர் தாளைப் பார்த்துக் கையால் திறந்தாளாம். அந்தத் தாளை நான்காக மடித்துக் கணினிப் பையிலேயே வைத்திருக்கிறாள். அலுவலகத்துக் கணினிப் பொறுப்பாளர் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, தமக்கும் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டாராம். அவர் இட்ட எண்களை அவரே எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. தாயார் இப்போது மாடிப்படி இறங்கி வாசல் வரை நடக்கிறார்.

அடுத்த இதழில், சமையல் வாயு அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாவது பற்றி எழுத எண்ணம்.